மரிக்கொழுந்து வைக்காமல் கட்டிய பூ

பூப்பொட்டலத்தை அவர் ஒருநாளும் என் கையில் கொடுத்ததில்லை. திண்டிவனத்திலிருந்து வரும் பாசஞ்சர் விழுப்புரத்தில் வந்து நின்று, ஸ்டேஷனில் விட்டிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர ஏழு மணியாகும். செருப்பைக் கழற்றுவார், ஹெல்மெட்டை ஆணியில் மாட்டுவார், சட்டைப்பையிலிருந்து இலைப்பொட்டலத்தை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விடுவார். பூ வாங்கி வந்திருக்கிறேன் என்று வாயால் சொன்னதே கிடையாது. நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து பொட்டலத்தைப் பிரிப்பேன். உள்ளே இரண்டு முழம் மல்லி, ரயில் புழுக்கத்தில் பாதி மலர்ந்து, இலையின் ஈரத்தோடு இருக்கும். அதை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொள்வேன். கண் தானாக மூடும். கல்யாணமான முதல் வாரத்தில் தொடங்கியது இது. இருபத்தாறு வருஷம் நடந்தது.

அவர் நில அளவையர். ஒலக்கூர், பிரம்மதேசம் பக்கத்துக் கிராமங்களில் அவர் கால் படாத வரப்பு இருக்காது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்க, நடுவில் இவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அளந்துகொண்டிருப்பாராம். அலுவலகத்து நண்பர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். பேச்சு குறைவு, பார்வை அதிகம். ஒரு நிலத்தை ஒருமுறை பார்த்தால் எந்த மூலையில் பனை, எந்த மூலையில் வேலிக்காத்தான் என்று பத்து வருஷம் கழித்தும் சொல்வார். அதே கண்ணால்தான் அவர் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகு தாமதமாகத் தெரிந்தது.

நான் விழுப்புரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எனக்கென்று ஒரு பெருமை இருந்தது என்றால் அது என் மூக்குதான். குழம்பு கொதிக்கும்போது மேலே எழும் ஆவியை வைத்தே உப்பு போதுமா போதாதா என்று சொல்வேன். பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மாகூட, "டீச்சர், ஒரு நிமிசம் வந்து மோந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். எங்கள் மகள் சின்ன வயதில் பரீட்சைக்குப் படிக்காமல் மாங்காய் தின்றதை அவள் தலைமுடியை மோந்தே கண்டுபிடித்திருக்கிறேன். "அம்மாகிட்ட எதையும் மறைக்க முடியாதுப்பா" என்று அவள் அப்பாவிடம் புகார் சொல்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

கொரோனா காலத்தில் அலுவலகத்து ஆட்கள் எல்லோருக்கும் வெளிவேலை போட்டார்கள். நோய் வந்த தெருவுக்குத் தகரம் அடிப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது என்று அவரும் போனார். ஒருநாள் இருமலோடு வந்தார். அவருக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டு எழுந்த காலையில் பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது, பேஸ்ட்டில் வாசனை இல்லை. அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். மிளகுத்தூள், விபூதி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். உலகத்துக்கும் எனக்கும் நடுவில் யாரோ கண்ணாடிக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. எல்லாம் தெரிந்தது, எதுவும் வந்து சேரவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தாம்மா, பத்து நாள்ல வந்துடும்" என்றார் டாக்டர். தெருவில் மற்றவர்களுக்கு வந்தது. எனக்கு மாதங்கள் ஆகியும் வரவில்லை.

அவர் என்னைப் பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார். மாத்திரை, மூக்குச் சொட்டு, ஆவி பிடித்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொடியில் துணி காயப்போடப் போனபோது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் தன் அண்ணனிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. "நான்தான்டா அண்ணா கொண்டாந்து குடுத்தேன். அவ எதனா மோந்து பாத்துக்கினே இருப்பா, தெரியுமில்ல. இப்ப டப்பாவ மூக்குல வெச்சிக்கினு சும்மா நிக்கிறா. பாக்க முடியல." அப்புறம் விசும்பல்தான் கேட்டது. அந்த மனிதர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஈரப் புடவையைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். "ஏங்க, காபி வாசன வருதுங்க."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "நெஜமாவா?"

"லேசா. ஆனா வருது."

"இன்னொரு தபா மோந்து பாரு."

பார்த்தேன். வெறும் சூடுதான் முகத்தில் அடித்தது. "வருதுங்க" என்றேன். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு அந்தப் பொய்யைத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை. அவர் படுகிற பாட்டுக்கு முன்னால் என் மூக்கு பெரிதாகத் தோன்றவில்லை. மெதுவாக வந்துவிடும், வந்த பிறகு பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

பொய்யோடு வாழ்வதற்கு நிறைய வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆவியை நம்பிச் சமைத்தவள் ஸ்பூனால் அளந்து சமைக்கத் தொடங்கினேன். எதற்கு எவ்வளவு உப்பு என்று பழைய டைரியில் எழுதி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் அடுப்படிக்கு வந்தால் குழம்பின்மேல் குனிந்து மூக்கை இழுத்துக்கொள்வேன். அவரிடமும் அந்த நாட்களில் சில புதுப் பழக்கங்கள் தென்பட்டன. படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரைத் தானே போய் மூடிவிட்டு வருவார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து பாலைக் காய்ச்சி ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். சில நாள், "இன்னிக்கி வரக்காபி போதும்" என்று பாலைக் கொட்டிவிடுவார். வயதாக ஆகச் சந்தேகபுத்தி வருகிறது என்று நான் மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மல்லிதான் என்னைத் தோற்கடித்தது. சமையலில் நடிக்க முடிந்தது, மல்லியிடம் முடியவில்லை. தினமும் மாலை பொட்டலம் வரும், தினமும் நான் அதை முகத்தில் வைத்துக்கொள்வேன். ஈரமான, குளிர்ந்த, ஒன்றுமில்லாத ஏதோ ஒன்று கன்னத்தில் படும். ஒருநாள் குளியலறைக்குள் கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு மொட்டைக் கசக்கி மூக்குத் துவாரத்திலேயே வைத்து இழுத்துப் பார்த்தேன். தும்மல் வந்தது, வாசனை வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த வாரத்திலேயோ அடுத்த வாரத்திலேயோதான் பொட்டலத்தில் முதன்முதலாகக் கனகாம்பரம் இருந்தது. மார்கழி மாதம். பனியில் மல்லி வரத்து இல்லை போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். தை வந்தது, மாசி வந்தது, சித்திரையில் விழுப்புரம் கடைத்தெருவில் மல்லி குவிந்து கிடந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் கனகாம்பரமே வந்துகொண்டிருந்தது. அதிலும் ஒரு மரிக்கொழுந்துத் துணுக்குகூட இருக்காது. கனகாம்பரத்துக்கு மணமில்லை என்பதால் நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் வாங்கி வருவதில் வெறும் பூவும் நாரும்தான். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் ஒருநாள், "என்ன டீச்சர், சார் கனகாம்பரத்துல எறங்கிட்டாரு? இன்னா கோவம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படியெல்லாமா தோன்றும் என்று கேட்டால், தோன்றும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் இரண்டே பேர், பேசாத மனிதர். அவர் என்னோடு பேசிய ஒரே பேச்சு அந்தப் பூ. அதிலும் இப்போது மணம் போய்விட்டது என்று நினைத்தேன்.

எங்கள் கல்யாண நாள் வந்தது. அன்று பள்ளிக்கே கரும்பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மாலையில் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன். நல்ல செவ்வாரஞ்சு நிறத்தில் கனகாம்பரம். என் புடவைக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"ஏங்க, இன்னிக்கிக்கூடவா?" என்றேன். கால் கழுவப் போனவர் திரும்பினார். பல மாதம் சேர்த்து வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "இத்தினி வருசமா மல்லி வாங்கிக்கினு வந்த மனுசனுக்கு இப்ப என்னா ஆச்சு? ஒரு மரிக்கொழுந்துகூட வெக்காம வெறும் பூவ முடிஞ்சிக்கினு வர்றீங்க. வாசன இல்லாத பூவ வெச்சிக்கினு நான் எப்படிக் கோயிலுக்கு வர்றது? அவ்ளோ அலுத்துப் போயிட்டனா நானு?"

வாசனையே தெரியாத நான் வாசனை இல்லை என்று சண்டை போட்டேன். பொய்யைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேனா, அல்லது உண்மையிலேயே எனக்கு அந்தத் துக்கம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "வாசன வேணுமா ஒனக்கு?" என்று கேட்டார்.

அது குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். "வேணும்" என்றேன்.

"சரி. நாளைக்கி மல்லி வாங்கியாறேன்."

அவ்வளவுதான் எங்கள் சண்டை. கோயிலுக்குப் போனோம். அபிராமேஸ்வரர் சந்நிதியில் அவர் எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் கனகாம்பரத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். மறுநாளிலிருந்து மல்லி வந்தது. பொட்டலத்தைப் பிரித்து முகத்தில் வைத்து, மறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத்தான் வீடே மணக்குது" என்று சத்தமாகச் சொன்னேன். அவர், "ம்" என்றார். பின்பக்கம் தண்ணீர் கொட்டும் ஓசை வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. ஒரு மாதம் அப்படிப் போயிருக்கும்.

ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில் எனக்கு போன் வந்தது. ஒலக்கூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே அளந்துகொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று வரப்பில் உட்கார்ந்தாராம். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் சாய்ந்துவிட்டார். நிலத்துக்காரர்களே ஷேர் ஆட்டோவில் போட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணக்கு டீச்சர் என்னோடு பஸ்ஸில் வந்தார். அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இவர் நெற்றியில் கொல்லை மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தது மட்டும் நினைவிருக்கிறது. குனிந்து அவர் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

சாவு வீட்டை எல்லோரும் வாசனையால்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள். ரோஜா மாலை, ஊதுபத்தி, பன்னீர். எனக்கு அதெல்லாம் ஊமைப்படம் மாதிரி நடந்து முடிந்தது. காரியத்தன்று என் நாத்தனார் கூடை நிறைய மல்லியோடு வந்தார். பூ வைத்து எடுக்கிற சடங்கு. மகள் குறுக்கே வந்து நின்றாள். "அத்த, அம்மாவுக்கு இதெல்லாம் வேணாம்." நாத்தனாரும் அழுதார். "எனக்கு மட்டும் ஆசயாடி? நாளைக்கி நாலு பேரு பேசுவாங்களேடி." செய்யட்டும் என்று நான்தான் சொன்னேன். வெறுப்பில்தான் சொன்னேன், என்மீது இருந்த வெறுப்பு. அத்தனை மல்லியைத் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண்கள் அந்த வாசனை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பாரம் மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய சாமான்களை எடுத்துக்கொள்ளத் திண்டிவனம் போனேன். மேசை இழுப்பறையில் ஒரு குடை, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு. துணைக்கு அவரோடு வேலை பார்த்தவர் ஸ்டேஷன் வரை வந்தார். ஸ்டேஷன் வாசலில் ஒரு சின்னப் பலகையில் பூக்களை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் அந்த நண்பரைப் பார்த்ததும் கூப்பிட்டார். "இன்னா சார், அந்த சர்வேயர் சாரு ஆளையே காணமே? டிரான்ஸ்பர் ஆயிட்டாரா?"

நண்பர் தடுமாறி என்னைப் பார்த்தார். நானே சொன்னேன். "அவரு தவறிட்டாரும்மா. நான் அவர் வீட்டுக்காரி."

அந்த அம்மாளின் விரலில் நார் அப்படியே நின்றது. பிறகு தன் முக்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். "ஒக்காரும்மா" என்றார். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீதானாம்மா அது. வாசன தெரியாம போச்சின்னு சொல்வாரே" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். "அவரு சொன்னாரா?"

"ஆமாம்மா. முன்னெல்லாம் மல்லிதான் வாங்குவாரு. ஒருநாளு வந்து, வாசனயே இல்லாத பூவு எதும்மான்னு கேக்கறாரு. இன்னாடா இது பேஜாரா கீதுன்னு சிரிச்சிட்டேன். அப்பறந்தான் சொன்னாரு. மல்லிய மூக்குக்கிட்ட வெச்சிக்கினா எங்க வீட்ல கண்ண மூடிக்குவா, இப்ப வெச்சிக்கினு கண்ணத் தொறந்துக்கினே நிக்கிறா, தெனம் நானே கொண்டுபோயி அவள அழ வெக்கிறேன்னாரு. கனகாம்பரம் எடுத்துக்க சார்னேன். மரிக்கொழுந்து வெக்கப் போனா கையப் புடிக்காத கொறதான். அது வேணாம்மா, வாசன இருக்கற எதுவும் வேணாம், கண்ணாலப் பாத்தா போதும்ன்ற மாரி இருக்கணும்னுவாரு."

அந்த அம்மாள் பலகையிலிருந்த சரங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வெளிர் ஆரஞ்சு, செவ்வாரஞ்சு, மஞ்சள். "இதுலயும் சும்மா வாங்க மாட்டாரும்மா. இன்னிக்கி ஊதாப் பொடவ, இன்னிக்கி சந்தனக் கலரு, எது எடுப்பா இருக்கும்னு கேப்பாரு. கல்யாண நாளுன்னு சொல்லி ஒருநாளு வந்தாரு. கரும்பச்சப் பட்டுக்குன்னு கூடைய மொத்தமா கெளறிட்டாரு."

ரயில் வருவதற்கான அறிவிப்பு கேட்டது. நண்பர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. அந்த அம்மாளே சொல்லிவிட்டார். "கடசியா மறுபடி மல்லி கேட்டாரு. வாசன வந்துட்ச்சா சார்னு சந்தோசமா கேட்டேன். இல்லம்மா, வந்த மாரி காட்டிக்கணும்னு இருக்கறா, இருக்கட்டும்னாரு. நேரா கேட்டுட வேண்டியதுதான சார்னேன். எனக்காவத்தான் மறைக்கிறா, நான் கேட்டா ஒடஞ்சிடுவான்னுட்டாரு."

நான் அழுதேனா என்று நினைவில்லை. அந்த அம்மாள் ஒரு சரத்தை அளந்து நறுக்கி இலையில் வைத்தார். வைத்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், கொடுக்கத் தயங்கினார். "தப்பா நெனக்காத. சாரு படத்துக்குப் போடும்மா. அவருக்கு இன்னா பூவு புடிக்கும்?"

அவருக்குப் பிடித்த குழம்பு தெரியும், சட்டை நிறம் தெரியும். ஒரு பூவைக் கையில் வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்த காட்சி ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அவருக்கு நான் பூ என்று எதையும் கொடுத்ததே இல்லை. "தெரியலம்மா" என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு கனகாம்பரத்தையே மடித்துக் கொடுத்தார்.

மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று வண்டி நின்று நின்று வந்தது. அவர் தினமும் வந்த வழி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒன்று விளங்கியது. சிலிண்டரை மூடியது, கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்பதால். பாலைக் குடித்துப் பார்த்தது, திரிந்த வாடை எனக்கு வராது என்பதால். தினமும் காலையில் நான் புடவை மடிப்பை நீவும்போது வாசலில் வண்டியைத் துடைப்பதுபோல் நின்றது எதற்கு என்பதும். நான் என் பொய்யால் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் அந்தப் பொய்யையும் சேர்த்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 'வாசன வேணுமா ஒனக்கு' என்று அவர் கேட்டபோது ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். இல்லைங்க, எனக்கு எதுவுமே தெரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கடைசி ஒரு மாதமாவது நாங்கள் இரண்டு பேரும் நடிக்காமல் இருந்திருப்போம்.

வீட்டுக்கு வந்ததும் குடையை ஆணியில் மாட்டினேன். அவர் துண்டை, வேறு எதுவும் யோசிக்காமல், சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன். அவருடைய சட்டைகளை எல்லாம் அதற்கு முன்பே துவைத்து, இஸ்திரிக்குக் கொடுத்து, பாச்சா உருண்டை போட்டு பீரோவில் அடுக்கியிருந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத நாட்கள் அவை.

போன ஐப்பசியில் ஒரு மாலை, பள்ளி விட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். மழை நின்றிருந்தது. என்னவோ ஒன்று மூக்கில் உறுத்தியது. நின்றேன். டீசல் புகை. அதன் பின்னாலேயே சாக்கடை, ஆரஞ்சுப் பழம், யாரோ பொரிக்கும் பஜ்ஜி. கண்ணாடிக் கதவு எங்கேயோ கீறல் விட்டிருந்தது. ஒரு பழவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தச் சாக்கடை வாடையைப் போய் நான் ஆசை ஆசையாக இழுத்தேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று காலெடுத்து வைத்தேன். அடுத்த அடியில் நினைவு வந்தது. பிறகு கிட்டத்தட்ட ஓடினேன்.

பீரோவைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்தேன். பாச்சா உருண்டை. இஸ்திரிச் சூடு. சோப்பு. காலர் மடிப்பை, கை மடிப்பை, பனியனை, போர்வையை எல்லாம் பார்த்தேன். தலையணை உறையை நானே மாற்றியிருந்தேன். திண்டிவனத்திலிருந்து எடுத்து வந்த துண்டு, இரண்டு மாதம் மேசை இழுப்பறைக்குள் அவருடைய வேர்வையோடு மூடிக் கிடந்த துண்டு, வெயில் மணந்தது. அவர் இருந்த எல்லா இடத்தையும் நான் என் கையாலேயே கழுவிவிட்டிருந்தேன்.

மகளுக்கு போன் செய்தேன். வண்டியும் ஹெல்மெட்டும் மருமகனிடம் சென்னையில் இருந்தன.

"அந்த ஹெல்மெட் உள்ள இருக்குதே பஞ்சு, அது அப்படியே இருக்குதாம்மா?"

"அது நைஞ்சி போயிருந்துச்சும்மா. வேற மாத்திட்டாரு. ஏம்மா?"

சும்மாதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். காபியில் தொடங்கிய பொய், கனகாம்பரம், கல்யாண நாள், ஸ்டேஷன் வாசல், இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. கடைசியில் கேட்டேன். "அப்பா எப்படி வாசன இருப்பாரு, சொல்லும்மா. எனக்கு எவ்ளோ நெனச்சும் வரல."

"மல்லிம்மா" என்றாள். "அப்பா வந்து தூக்குனா சட்டப்பையில மல்லி வாசனயாத்தான் இருக்கும். அந்தப் பைக்குள்ளதான மூஞ்ச வெச்சிக்குவேன். வேற என்னன்னு சொல்லத் தெரியலம்மா."

மறுநாள் கடைத்தெருவில் இரண்டு முழம் மல்லி வாங்கினேன். தலையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, "சாமிக்காம்மா?" என்று கேட்டார் பூக்காரர். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து அவருடைய நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்து, பையில் பொட்டலத்தை வைத்து, அவர் ரயிலில் வரும் நேரம் அளவுக்கு மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு பொட்டலத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் முகத்தை வைத்தேன்.

மல்லி மணந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, நன்றாகவே மணந்தது. கொஞ்சம் பாச்சா உருண்டையும் மணந்தது. வேறு எதுவும் இல்லை.